மலையேறும் வெளிச்சம்

அந்தி சாய்கிறது. பட்டறை வாசலில் அக்காவின் கணவர் தன் பழைய பைக்கின் ஆக்சிலேட்டரை முறுக்க, மெக்கானிக்கான மைத்துனன் இப்போதுதான் மாட்டிய பெரிய ஹெட்லைட்டில் எதிர்ச்சுவர் வெள்ளைவெளேரென்று ஆகிறது. "பாத்தியா, பட்டப்பகல் மாதிரி!" சொல்லிக்கொண்டே கையைத் தளர்த்துகிறார். சுவர் மஞ்சளாகி, துருநிறமாகி, செங்கல் இடுக்குகள் ஒவ்வொன்றாக இருட்டுக்குள் போகின்றன. "மாமா, இந்த வண்டியோட எஞ்சின் காயில் இவ்ளோ பெரிய லைட்டுக்குக் கரண்ட் குடுக்காது. முறுக்கினாத்தான் எரியும். பழைய பல்பையே மாட்டிடறேன்." "அப்போ முறுக்கிக்கிட்டே போறேன், போதுமா?" பையை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்துவிட்ட அக்கா சிரிக்கிறாள். "விடுடா, இவர் புடிச்ச புடியை விடமாட்டார்." மாமாவிடம் மறுபேச்சு பேசிப் பழகாதவன், துடைத்த ஸ்பேனரையே திரும்பத் திரும்பத் துடைக்கிறான். தெருக்கோடியிலேயே மலைச்சாலை தொடங்கிவிடுகிறது. ஏற்றம் முழுக்க அந்த வெளிச்சம் பாறைகளைத் தடவிக்கொண்டு ராஜநடை போடுகிறது. மெக்கானிக் வாசலைவிட்டு அசையாமல் அதையே பார்க்கிறான். உச்சி வளைவில் ஒரு மரம் முழுசாக வெளுத்து எழுகிறது, பிறகு அணைகிறது. அந்தப் பக்கம் இறக்கம். இறக்கத்தில் யாரும் ஆக்சிலேட்டரை முறுக்குவதில்லை.