முதல் நாள் வரம்பு

“டொய்ங்!” என்று செல்போன் மூன்றாவது முறையாகக் கத்தியது. டீச்சர் அதை வங்கி மேலாளரின் மேஜையில் தட்டென்று வைத்தாள்.

“நாளைக்கு அவருக்கு இதய ஆபரேஷன் சார். இன்னிக்கே பணம் போய்ச் சேரணும். போகவே மாட்டேங்குது!”

“உங்க கணக்குல புதுசா சேர்த்த ஆளுக்கு முதல் நாள் கொஞ்சம்தான் அனுப்ப முடியும்மா. ஏமாத்துக்காரங்க பெருகிட்டாங்க. அவரை உங்களுக்கு நல்லாத் தெரியுமா?”

“தெரியுமாவா? ஷேவ் பண்ணும்போது பாடுவார், சுருதியே சேராது. ஊசின்னா கண்ணை இறுக்க மூடிக்கிட்டு என் கையைப் பிடிச்சுக்குவார். மழை வந்தா குடையை என் பக்கமே சாய்ச்சுட்டு, தான் தொப்பலா நனைவார்.”

பக்கத்து நாற்காலியில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள். “இப்பவும் அதே லட்சணத்துலதான் பாடுறார்க்கா.”

மேலாளர் உருகிப்போனார். “உறவு என்னன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க. வரம்பை நானே உயர்த்திடறேன்.” படிவத்தை இழுத்து, அவரே ‘மனைவி’ என்று எழுதப் போனார்.

டீச்சர் சட்டென்று பேனாவைத் தடுத்தாள்.

“அப்படி எழுதாதீங்க சார். அவர் மனைவி இதோ, இவதான். நான் இருபது வருஷத்துக்கு முன்னாடி விவாகரத்து ஆனவ.”