ஏழில் மூன்று போனால்

மாலை வெயில் கோவில்பட்டி மாடியறை ஜன்னலில் சாய்ந்து, கரிசல் புழுதி படிந்த கீபோர்டில் விழுகிறது. பள்ளிகளுக்கான தமிழ்த் தட்டச்சு மென்பொருளை, மூல நிரலிலிருந்து புரோகிராம்களை உருவாக்கித் தரும் புதிய பில்ட் டூலுக்கு மாற்றியிருக்கிறாள் முத்துச்செல்வி. எல்லாப் புரோகிராம்களும் பொதுவாக நம்பியிருக்கும் லைப்ரரி ஃபைலுக்குப் பழையபடி ஏழு என்றே பதிப்பு எண் கொடுத்தும், ஒன்றுகூடத் திறக்கவில்லை. நாளைக் காலை நாகலாபுரம் பள்ளிக்கு சி.டி. போயாக வேண்டும். இந்த மென்பொருளை அவளோடு சேர்ந்து எழுதிவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன் பெங்களூர் போய்விட்ட ஜேம்ஸ்ராஜை ஃபோனில் பிடிக்கிறாள். அவர் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது பழைய மானிட்டர் ஒன்று இருக்கிறது. “அண்ணாச்சி, நீங்க போட்ட ஏழைத்தான் போட்டேன். ஒண்ணும் தொறக்க மாட்டேங்கு.” அவர் சிரிக்கிறார். “ஏட்டி, பழைய டூலு ஏழுல மூணைக் கழிச்சி நாலுன்னுல்லா பேரு வைக்கும்! புரோகிராம் எல்லாம் நாலைத்தான் தேடுது. மூணு தடவை லைப்ரரில புது வசதி சேத்தோம், பழசை ஒடைக்கல. அந்த மூணுதான் அது. புதுசுக்குக் கழிக்கத் தெரியாது, நீயே நாலுன்னு போடு.” மூன்று தடவையும் அவளுக்கு நினைவிருக்கிறது. கடைசித் தடவை, ஒற்றைக்கொம்பு சரியான இடத்தில் விழுந்ததும் அவர் மேசையில் தாளம் போட்டார். நான்கு என்று அடிக்கிறாள். திரையில் தமிழ் எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கின்றன. “தொறந்துட்டா?” என்று கேட்கிறார் அவர். “இருங்க அண்ணாச்சி, பாக்குதேன்” என்கிறாள், திறந்துவிட்ட திரையைப் பார்த்துக்கொண்டே.