அந்தப் பக்கம் ஒன்பது

ஒன்பதரைக்குத் தேர்வு மையத்தின் கேட்டைச் சாத்திவிடுவார்கள். மணி எட்டே முக்கால். ரஜீஷ் இன்னும் மார்பிள் லாரியின் மேலேதான் நின்றிருந்தான்.

நீலச் சட்டைப் பையில் ஹால் டிக்கெட். எம்.எஸ்சி. இயற்பியல் நுழைவுத் தேர்வு. போன வருடம் மூன்று மதிப்பெண்ணில் கைநழுவியது.

மார்பிள் பலகை தூக்க நான்கு பேர் வேண்டும். சுகேசனுக்குக் காய்ச்சல். ஆள் குறையும்போது வரமாட்டேன் என்று சுமை இறக்கும் சுமட்டுக்காரன் சொல்ல முடியாது.

லாரி நடுவில் இரும்புச் சட்டம். அதன் இரு பக்கமும் பதினொன்று பதினொன்றாகப் பலகைகள் சாய்ந்திருந்தன. இடப்பக்கம் கடைச் சுவர். வழக்கமாகப் பாதியில் லாரியைத் திருப்பி நிறுத்துவார்கள். இன்று அவனுக்காக அதை விட்டுவிட்டார்கள். வலப்பக்கம் மட்டும் இறக்கிவிட்டு அவன் ஓடலாம். மீதி நாளைக்கு.

"வேகமாத் தூக்குங்கடா, மாஷ் பரீட்சை எழுதப் போகணும்!" கீழேயிருந்து அவறானிக்கா கத்தினார். அவர்தான் இவர்களுக்குத் தலைவர். சிமெண்டுப் பைக் காகிதத்தில் இரண்டு வருடமாகக் கணக்குப் போட்டவனுக்கு 'மாஷ்' என்று வாத்தியார் பட்டம் சூட்டியவரும் அவர்தான்.

கல்லுக்குக் கணக்கு தெரியாதுடா என்பார்.

ஒன்பதாவது பலகை இறங்கியது. இன்னும் இரண்டு.

சட்டம் மெல்ல முனகியது.

போன வாரம்தான் சுவரில் சாய்ந்த ஏணிக் கணக்கைப் போட்டிருந்தான். சுவர்ப் பக்கத்துப் பதினொரு பலகைகளும் சட்டத்தைத் தள்ளுகின்றன. எதிரே தாங்க இரண்டே பலகை. அவற்றையும் எடுத்தால் சட்டம் கவிழும், நால்வரும் நிற்கிற பக்கமாக.

சொன்னால் லாரியைத் திருப்ப வேண்டும். தேர்வு போய்விடும்.

"கையை எடுங்க! சங்கிலி போடுங்க. லாரியைத் திருப்பணும்."

"பைத்தியமாடா? உனக்காகத்தானே இந்தப் பாடு!" என்றான் பக்கத்திலிருந்த பினோய்.

ரஜீஷ் பலகையின் முன்னால் குறுக்கே நின்றுகொண்டான். நகரவில்லை.

அவறானிக்கா சட்டத்தையே பார்த்தார். செருப்பைக் கழற்றினார். சக்கரத்தில் கால் வைத்து ஏறி, சங்கிலியை இழுத்துப் பூட்டினார். பிறகு ரஜீஷின் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

"அந்தப் பக்கம் எத்தனை எடுக்கணும்? சொல்லிட்டு இறங்குடா, மாஷே."

"ஒம்பது."

பேருந்தில் தொற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தான். திரும்பிக்கொண்டிருந்த லாரியின் பக்கத்தில், நான்காவது ஆளாக, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் நின்றிருந்தார்.

அவருடைய தம்பி மொய்து இப்படிக் கவிழ்ந்த பலகைகளுக்கு அடியில் சிக்கி இறந்து பதினோரு வருடமாகியிருந்தது. அதற்குப் பிறகு அவறானிக்கா மார்பிள் லாரியில் கால் வைத்தது அன்றைக்குத்தான்.