ஐந்து மணிக்கு ஷைலு

"கடைக்கெல்லாம் எடுத்துண்டு போக வேண்டாம். இங்கேயே பண்ணு. அஞ்சு மணிக்குள்ள முடியணும்."

கல்யாணம் சார் திரும்பத் திரும்ப இதையே சொன்னதும் ஃபஹ்மிதாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவள் அவள். கூப்பிட்ட மரியாதைக்குப் பங்குனி வெயிலில் சுவாமிமலைக்கு ஸ்கூட்டி ஓட்டி வந்தால், ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. கெடு மட்டும் கொடுக்கிறார்.

பழைய ஹார்டு டிஸ்க் போய்விட்டதாம். புதிது வாங்கி மாட்டி, பேக்கப்பில் இருந்ததையெல்லாம் தானே அதில் ஏற்றியிருக்கிறார் மனிதர். எல்லாம் ஏறிவிட்டது. கம்ப்யூட்டர்தான் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வெள்ளை எழுத்து, அவ்வளவுதான்.

"உங்க ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கு சார். ஸ்டார்ட் ஆகறதுக்கான பகுதி மட்டும் சரியா ஏறலை. நிதானமா பண்ணணும். நாளைக்குக் கொண்டுவந்து தர்றேனே?"

"நாளைக்கா? நேத்திக்கே பட்டினி கிடந்தா அவ."

அந்த 'அவ', சரசா மாமி, உள்ளேயிருந்து வந்து நின்றாள். "ஏன்னா, ஷைலு கூப்பிடற நேரமாச்சே. நேத்தும் காணும். என்மேல கோபமா அவளுக்கு?"

"கோபமெல்லாம் இல்லை. இன்னிக்கு வந்துடுவா, நீ போய் உக்காரு."

மாமி நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினார். "ஷைலஜா, எங்க பொண்ணு. மாமிக்கு ஞாபகம் தப்பிடுத்தும்மா. அஞ்சு மணிக்கு இதுல பொண்ணைப் பாத்துப் பேசினாத்தான் சாப்பிடுவா. இல்லைன்னா ஒரு பருக்கை இறங்காது."

"போன்ல வீடியோ கால் போடலாமே சார்?"

"சின்னதுல முகம் தெரியலைன்னு தூக்கிப் போட்டுடறா."

அதற்குமேல் ஃபஹ்மிதா வாதாடவில்லை. பென்டிரைவைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய வீட்டில் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.

ஒருவழியாகத் திரை உயிர் பெற்றது.

"நெட் கனெக்ஷனும் குடுத்துடவா சார்?"

"வேண்டாம் வேண்டாம். அதை நான் பாத்துக்கறேன். நீ கிளம்பும்மா."

காரியம் முடிந்ததும் கழற்றிவிடுகிறாரே என்று நினைத்தபடி அவள் பையை எடுத்தாள். அதற்குள் மாமி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "இரும்மா. என் பொண்ணைப் பாத்துட்டுப் போ."

கல்யாணம் சார் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் மணி ஐந்தாகியிருந்தது. மௌஸைத் தட்டினார்.

திரையில் சிரித்த முகமாய் ஒரு பெண். "அம்மா! சாப்ட்டியா?"

"உன்னைப் பாக்காம எப்படிடி சாப்பிடுவேன்?"

"காவேரியில தண்ணி வந்துடுத்தா?"

"வந்துடுத்துடி. ரெண்டு கரையையும் தொட்டுண்டு போறது."

ஃபஹ்மிதாவுக்குச் சங்கடமாக இருந்தது. காவேரிப் பாலத்தைத் தாண்டித்தான் வந்தாள். ஆற்று மணலில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பாவம், மாமி எந்த மாசத்தில் இருக்கிறாளோ.

"சரிம்மா, வேலை கிடக்கு. அப்பாகிட்ட நாளைக்குப் பேசறேன்னு சொல்லு."

அவ்வளவுதான், திரை அணைந்தது. மாமி முகமெல்லாம் பூரிப்பாகச் சாப்பிடப் போனாள். பிசைந்து வைத்திருந்த மோர்சாதத்தை அவள் முன்னால் வைத்துவிட்டு, கல்யாணம் சார் வாசல்வரை வந்தார்.

ஃபஹ்மிதாவால் பொறுக்க முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்க சார். பக்கத்துலேயே உக்காந்திருக்கீங்க. இந்த வயசுல ஒண்டி ஆளா மாமியைப் பாத்துக்கறீங்க. உங்களை ஒரு வார்த்தை கேக்கத் தோணலையே உங்க பொண்ணுக்கு! நாளைக்காவது உங்ககிட்ட பேசச் சொல்லுங்க."

அவர் ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"நாளைக்குப் பேசறேன்னு அவ சொல்லி ரெண்டு வருஷமாகப் போறதும்மா. ஆனி மாசம், ஆத்துல தண்ணி வந்த சமயம். கால் போட்டுக் குடுத்துட்டு நான் கடைத்தெருவுக்குப் போயிட்டேன். அவசரத்துல எந்தப் பட்டனை அமுக்கினேனோ, பேசினது அப்படியே பதிவாயிடுத்து. மறுநாள் பொழுது விடியறதுக்குள்ள விபத்துல போயிட்டா."

ஃபஹ்மிதா தோளில் மாட்டியிருந்த பையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"மாமிகிட்ட சொன்னேன். அழுதா. மறுநாளே மறந்துட்டு, ஷைலு ஏன் கூப்பிடலைன்னா. திரும்பச் சொன்னேன். அப்பத்தான் முதல்தடவை கேக்கற மாதிரி திரும்பவும் அழுதா. அதோட சொல்றதை விட்டுட்டேன். இந்த வீட்டுல ஒருத்தன் அழுதாப் போதும்மா."