அமைதியான மனுஷர்

நாலு வயசு மகளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை, பெத்தவளோ சிரிச்ச முகமாகவே இருக்கிறாள் என்றால், நீங்கள் என்ன சொல்வீர்கள்? பொறுப்பில்லாதவள் என்றுதானே?

பக்கத்து வீட்டு அக்காவும் அதைத்தான் சொன்னாள். பெத்தவளான தையல்காரி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பள்ளிக்கூடத்தில் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் மிஷினை மூடிவிட்டு, வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு, மகளோடு பேச்சுப் பயிற்சி டீச்சர் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"கத்தரிக்கோல் எது, காட்டு?"

குழந்தை சரியான படத்தைப் பட்டென்று தொட்டாள்.

"இதுக்குப் பேர் என்ன?"

"அது... அது..." இரண்டு விரலை விரித்து விரித்து மூடினாள்.

"கத்தரிக்கோல், டீச்சர்" என்றாள் தையல்காரி.

"உங்களைக் கேக்கலைம்மா."

தையல்காரி சிரித்தாள். "அவளுக்கு எல்லாம் புரியும் டீச்சர். நீல நூல் எடுத்துட்டு வான்னா நீலம்தான் வரும்."

"புரியுது. திருப்பிச் சொல்லத்தான் வரலை. காதுல குறையில்லை, பிடிவாதமும் இல்லை. வாரம் ரெண்டு நாள் பயிற்சிக்குக் கூட்டிட்டு வாங்க."

"அவ்வளவு எதுக்கு டீச்சர்? இவரும் அஞ்சு வயசுலதான் வாயைத் திறந்தாராம். மாமியார் பெருமையாச் சொல்லுவாங்க. இப்ப என்ன குறைஞ்சு போச்சு? கல்யாணமாகி எட்டு வருஷத்துல என்னை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்லை. லேத் பட்டறையில சூப்பர்வைசர் வேலை இவரைத் தேடி வந்தப்பக்கூட வேண்டாம்னுட்டார். அவ்வளவு அடக்கம்."

அவர் குனிந்தபடி இருந்தார். மகளின் விரல்கள் இன்னும் விரிந்து மூடிக்கொண்டிருந்தன. அவற்றைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டார்.

"அடக்கம்... இல்ல."

தையல்காரி திரும்பிப் பார்த்தாள்.

"அந்த வேலைன்னா... பத்து பேருக்கு... அது... எடுத்து..."

வழக்கம்போல மிச்சத்தை அவளே சொல்லி முடிக்கப் போனாள். டீச்சர் கையைக் காட்டித் தடுத்தாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தையல்காரி காத்திருந்தாள்.

"...சொல்லணும். எனக்கு வராது. உன்கிட்ட சண்டை போடணும்னு... எத்தனையோ நாள். வார்த்தை கிடைக்கறதுக்குள்ள... நீ தூங்கிடுவ."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

அவர் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"பாப்பாவை... என்னை மாதிரி... அமைதியான மனுஷியா... ஆக விட்டுடாதீங்க, டீச்சர்."