பற்றவைக்காத மோதிரம்

"அறுந்து போன மோதிரத்தையா என் பொண்ணுக்குப் போட வந்திருக்கீங்க?"

பெண்ணின் அப்பா போட்ட சத்தத்தில் நிச்சயதார்த்தக் கூடமே திரும்பிப் பார்த்தது.

மாப்பிள்ளையின் கையிலிருந்து மோதிரத்தைப் பிடுங்கி எல்லோருக்கும் காட்டினார். நான்கு தலைமுறையாக அந்த வீட்டு மருமகள்களுக்கு நிச்சயத்தன்று போடுகிற மோதிரம். மேலே இரண்டு கைகள் ஒன்றையொன்று பிடித்திருந்தன. அடியில், வளையத்தில் ஒரு வெட்டு. நூல் நுழையும் அளவுக்கு இடைவெளி.

மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு மானம் போயிற்று. சற்று முன்புதான் பெருமையாக அளந்திருந்தார்: "புடிச்ச கையை விடக்கூடாது. வட்டத்துக்கு ஏது முடிவு? அதான் சார் இந்த மோதிரத்தோட அர்த்தமே!"

இப்போது தம்பி மனைவியான மாப்பிள்ளையின் அம்மா மேல் பாய்ந்தார்.

"ஆசாரிகிட்ட கொடுத்துப் பத்த வைம்மான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! அதுக்குக்கூடவா உனக்கு உடம்பு வணங்கல?"

அவள் வாயே திறக்கவில்லை. அழுத்தக்காரி என்றுதான் யாருக்கும் தோன்றும்.

"நல்ல நாளும் அதுவுமா இப்படியா? வீட்டுக்கு வர்ற பொண்ணு மேல இவங்களுக்கு இவ்வளவுதான் அக்கறை. இந்தச் சம்பந்தமே வேண்டாம். எழுந்திரும்மா!" என்றார் பெண்ணின் அப்பா.

பெண் எழவில்லை.

"இது எப்படி வெட்டுப்பட்டுச்சு அத்தை?"

"விரல் வீங்கிடுச்சும்மா. கழட்ட முடியல. ஆஸ்பத்திரியில வெட்டி எடுத்தாங்க."

"விரல் ஏன் வீங்குச்சு?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" பெரியப்பா அவசரமாகக் குறுக்கே விழுந்தார்.

"நீங்க வாயை மூடுங்க!"

அம்மா அதட்டி அன்றுதான் மகனே முதன்முதலாகக் கேட்டான்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியிலயும் இதையேதான் சொன்னீங்க. உங்க தம்பி என் கையைக் கதவிடுக்குல வச்சுச் சாத்தினப்போ, அடுத்த ரூம்ல உக்காந்து பேப்பர் படிச்சீங்க. நான் கத்தினது ஊருக்கே கேட்டுச்சு. உங்களுக்கு மட்டும் கேக்கல!"

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார். பெரிய மனுஷத்தனமெல்லாம் எங்கே போயிற்றோ.

பெண்ணின் அப்பாவுக்குக் குரல் இறங்கியது. "அதுக்கில்லம்மா... இப்பவாவது பத்த வச்சிருக்கலாமே. உங்க பையன் தங்கமான பையனாச்சே."

"நல்லவன்தான். இவங்கப்பாவையும் நல்லவர்னு சொல்லித்தான் எனக்குக் கட்டி வச்சாங்க."

"அம்மா!" என்றான் மகன்.

அவனை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மோதிரத்தை வாங்கித் தானே பெண்ணின் விரலில் போட்டு, அந்த வெட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"ஆசாரி பத்த வைக்கிறேன்னுதான் நின்னார். நான்தான் விடல. நாளைக்கு இவன் உன்மேல கை ஓங்கினா, இதைக் கழட்ட நீ ஆஸ்பத்திரி வரைக்கும் போக வேண்டாம்மா. லேசா இழு, விரிஞ்சு வந்துடும்."