பாதி எண்ணெய்

“கியர் எண்ணெயப் பாதி மாத்துனா கீழ்த்தட்டுல இருக்கிறது மட்டும்தான் போவும் முதலாளி. மிச்சம் உள்ளயே நிக்கும்.”

“முழுசா மாத்துனா?”

“பழைய கியர்பெட்டி. புது எண்ணெய் கழுவி வுட்டுடும். அந்த அழுக்குலதான் பிடிப்பே இருக்குது. அப்புறம் வண்டி நவுரலன்னா என்னைக் கேக்கக் கூடாது.”

காருக்கு அடியிலிருந்து பேசியது மெக்கானிக் நந்தகோபால். கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டியைப் பிரிக்கத் தெரிந்த ஆள் ஆம்பூரிலேயே அவர் ஒருவர்தான். வேலூர் பாகாயத்தில் வெள்ளைக்கார டாக்டர் ஒருவரின் காரில் கற்றுக்கொண்டது.

“அப்ப பாதியே போதும். காலையில மெட்ராஸ் போவணும்,” என்றார் தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளி அப்துல் வஹீத். பாங்கு ஒலித்தது. தொழுதுவிட்டு வருவதாகச் சொல்லிப் பள்ளிவாசலுக்கு நடந்தார்.

டிரைவர் காசிநாதனால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. முதலாளி வீட்டுப் போர்ட்டிகோவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தான்.

உள்ளே இருந்தது கியர் எண்ணெயே அல்ல. தோலுக்குப் பூசும் மீன் எண்ணெய்.

ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டு சோளிங்கர் மலையேறிவிட்டு வந்தவன், திங்களன்று எண்ணெய் அளவுக்கம்பியை உருவி முகர்ந்ததும் கண்டுகொண்டான். யார் ஊற்றினார்களோ. அன்றிலிருந்து வண்டி முனகுகிறது, தயங்கித் தயங்கி நகர்கிறது.

நந்தகோபாலுக்கு வாடை தெரியவில்லை. ஊரே அந்த வாடைதானே.

பாதி உள்ளே நின்றுவிட்டால் மெட்ராஸ் போகும் வழியில் வண்டி வாலாஜாவைக்கூடத் தாண்டாது. சொன்னாலோ, டிரைவர் இருக்கும்போது வேறு யார் ஊற்றுவார்கள் என்பார் முதலாளி. பதினோரு வருஷ வேலை.

குனிந்தான்.

“முழுசா எறக்கிடுங்கண்ணே.”

“இன்னாத்துக்கு? முதலாளி பாதின்னாரே.”

காசிநாதன் நிமிர்ந்து தெருவைப் பார்த்தான். பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் வெளியே வரத் தொடங்கியிருந்தார்கள். செருப்பு தேடும் கூட்டத்தில் முதலாளியின் வெள்ளைத் தொப்பி.

வீட்டு ஜன்னலின் மூங்கில் தட்டி ஒரு விரல்கடை விலகியது. முதலாளியின் மனைவி அன்வரி பேகம். இத்தனை வருஷத்தில் அவனை ‘டிரைவர்’ என்று தவிர வேறு எப்படியும் கூப்பிடாதவர்.

“காசி அண்ணே,” என்றார், மூச்சுக்குள். “ஞாயித்துக்கெழம அவருக்குத் தெரியாம வண்டிய ஓட்டுனது நான். எண்ணெய் கம்மியா இருந்திச்சு, ஷாப்புல இருந்து எடுத்து ஊத்திட்டேன். அவர் கேட்டா, நீங்கதான் ஊத்துனீங்கன்னு சொல்லிடுங்க.”